தொண்டை அடைப்பான் நச்சுக்குக் கொக்கி கொடுப்பது எது?

நான் படித்தது எஞ்சினியரிங் டிப்ளமோ. வேலை பார்த்தது ரயில் பெட்டிகளோடு. உயிரியல் என் துறை அல்ல. ஆனால் பேரனுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "கைக்குழந்தையிலேயே மூன்று தடவை போட்டாயிற்றே மாமா, மறுபடி எதற்கு?" என்று மருமகள் கேட்டாள். பதில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

டிப்தீரியாவைத் தமிழில் தொண்டை அடைப்பான் என்கிறோம். கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும். அது கக்கும் நச்சுதான் இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. 1888-ல் பாரிஸில் ரூ, யெர்சின் என்ற இருவர், கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே விலங்குகளைக் கொல்வதைக் காட்டினார்கள். அந்த நச்சு ஒரு புரதம். அது செல்லுக்குள் நுழைய எதைப் பிடித்துக்கொள்கிறது என்பது தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வெறும் உறை அல்ல. பலவகைப் புரதங்கள் அதில் பதிந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்று ஹெச்.பி.-ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. 1991-ல் கண்டறியப்பட்டது. காயம் ஆறவும், கருவில் இருதய வால்வுகள் ஒழுங்காக உருவாகவும் இது வேண்டும். சவ்வில் நின்றபடியே பக்கத்துச் செல்லைத் தூண்டும். ஒரு நொதி அதை நறுக்கிவிட்டால் கழன்றுபோய் வேறு செல்களையும் தூண்டும். டிப்தீரியா நச்சு வந்து மாட்டிக்கொள்ளும் கொக்கியும் இதுவேதான் என்று மறுவருடம், 1992-ல், தெரியவந்தது!

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பெட்டிகளை இணைக்க வைத்த கப்ளிங்கில் வண்டியைச் சேராத பெட்டி ஒன்று வந்து கோத்துக்கொண்டது. கப்ளிங்கைக் கழற்றி எறியவும் முடியாது. அது இல்லாமல் வண்டி ஓடாது.

கூடவே சி.டி.9 என்ற இன்னொரு சவ்வுப் புரதம் உண்டு. ஜப்பானில் மெகாடா என்பவரின் குழு இதை ஆராய்ந்தது. நச்சு இதோடு நேரே ஒட்டுவதில்லை. ஆனால் இது அருகில் நின்றால் கொக்கியில் ஒட்டும் நச்சின் அளவு பல மடங்கு கூடுகிறது. வளர்ச்சிக் காரணி பக்கத்துச் செல்லுக்குத் தரும் தூண்டுதலும் கூடுகிறது. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே உதவியாள்!

எலிகளின் கொக்கியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் நச்சு அதில் பிடிப்பதில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக்கால் குவியலாகச் செத்த அதே எலி இனம், டிப்தீரியா நச்சைச் சட்டை செய்வதில்லை.

கொக்கியில் மாட்டிய நச்சைச் செல் ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலம் ஏறும்போது நச்சின் ஒரு துண்டு சவ்வைத் துளைத்து வெளியே வந்து, செல் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடுகிறது. அந்தத் துண்டில் ஒரே ஒரு மூலக்கூறு போதும், ஒரு செல் சாக; ஜப்பானியர்கள் 1978-ல் இதைக் காட்டினார்கள்.

மருமகளின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குதிரைச் சீரத்திலிருந்து எடுக்கும் எதிர்நச்சு, இரத்தத்தில் திரியும் நச்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் போய்விட்டதைத் தொடாது. அதனால்தான் தொண்டையில் சாம்பல் நிறப் படலமும் கழுத்து வீக்கமும் கண்டால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள். நச்சு கொக்கியை எட்டுமுன் மடக்க, நம் சொந்த எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் இருக்கவேண்டும். தடுப்பூசியால் வரும் அந்தச் சக்தி வருடங்கள் போகப்போகக் குறையும்.

ஆகவே 6, 10, 14 வாரங்களில் போட்டதோடு நிறுத்தக்கூடாது. ஒன்றரை வயதை ஒட்டியும் 5 வயதிலும் முத்தடுப்பு ஊசி. 10, 16 வயதுகளில் டி.டி. எனப்படும் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் குடும்பங்களில், அட்டை ஊரிலும் குழந்தை மும்பையிலுமாக இருப்பது வழக்கம். அட்டையை வரவழையுங்கள். நடுவில் ஒரு ஊசி தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.