ஓர் ஆர்மோனியமும் உடன்பிறந்தோரும்

நுழையும்முன்

இசைக்குழு என்றதும் ஒளிவிளக்குகளும் விலைமிகுந்த கருவிகளும் நிறைந்த மேடையே நம் நினைவுக்கு வருகிறது. அம்மேடைக்கு முன்பே குழு உருவாகிவிடுகிறது. ஒருவரிடம் இல்லாததை மற்றொருவர் நிரப்பும் பழக்கமே அதன் தொடக்கம். பழைய மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இளைஞர்களின் வரலாறு இதனை உணர்த்துகிறது.

ஊரே முதல் பள்ளி

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கீழக்குயில்குடி. மலைப்பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஐயனார் கோவிலும் அமைந்துள்ளன. இதுபோன்ற மதுரை வட்டாரத்து ஊர்களில் திருவிழா என்றால் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு ஆகியன இணைந்த நையாண்டி மேளம் ஒலிக்கும். திரைப்பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுக்களும் பிற்காலத்தில் அம்மேடைகளில் இடம்பெற்றன. மேளக்காரர்களின் அருகில் நின்று கண்கொட்டாமல் பார்க்கும் சிறுவர்களுக்கு அதுவே முதல் இசைப்பள்ளி.

கேட்பவர் வாசிப்பவராவது எங்ஙனம்? தனித்தனியே வாசிப்போர் ஒரு குழுவாவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை தருவது பண்ணைப்புரத்துப் 'பாவலர் சகோதரர்க'ளின் வரலாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரம், 1996இல் தேனி தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

தேர்தல் களத்தில் பாட்டு

அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்கத்தின் பாடகர். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் புதிய சொற்களை அமைத்துப் பாடுவதில் வல்லவர். துண்டறிக்கையைப் படிக்க இயலாத உழைப்பாளரும், மெட்டு முன்பே தெரிந்திருந்ததால், அவருடைய பாட்டின் கருத்தை உடனே பற்றிக்கொண்டனர்.

1958இல் கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிகுந்திருந்த தொகுதி அது. பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்கு ஆதரவாகப் பாவலர் பாடினார். ரோசம்மா வெற்றி பெற்றார். அக்காலத்தில், பதினான்கு வயதில், அண்ணனின் குழுவில் இணைந்தார் தம்பி இராசையா. அவரே பின்னாளில் இளையராஜா எனப் புகழ்பெற்றவர்.

குறையே வழியானது

குழுவில் பெண் குரல் தேவைப்பட்டது. சிறுவனின் மென்மையான குரல் அவ்விடத்தை நிரப்பியது. சில ஆண்டுகளில் வயதின் காரணமாக அக்குரல் உடைந்தது. பாடும் வாய்ப்பை இழந்த இளைஞர் ஆர்மோனியத்தின்பால் திரும்பினார். அந்த ஆர்மோனியம் அண்ணனுக்குரியது. தம்பியர் தொட்டால் பிரம்படி கிடைத்த காலமும் உண்டு. தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட கருவியே தம்பியின் வாழ்க்கைப் பாதையாக மாறியது.

பாஸ்கர், அமர்சிங் ஆகிய சகோதரர்களும் குழுவில் இணைந்தனர். அமர்சிங்கே பின்னாளில் பாடலாசிரியராகவும் இயக்குநராகவும் அறியப்பட்ட கங்கை அமரன். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இக்குழு தென்னிந்தியாவின் பல ஊர்களில் பாடியது. கூட்டம் கலைந்து போகாமல் நிறுத்தும் முறையையும், எந்த மெட்டு எம்மக்களைத் தொடும் என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தது மேடையே. அக்காலத்தில், நேருவின் மறைவையொட்டிக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்தார் இராசையா. அதுவே அவருடைய முதல் இசையமைப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் இத்தகைய நிகழ்வொன்று நடந்தது. 1956இல் ஜான் லெனன் என்னும் மாணவர் பள்ளி நண்பர்களுடன் 'குவாரிமென்' என்னும் குழுவைத் தொடங்கினார். துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியில் நரம்பு கட்டிய கருவியும் அவர்களின் இசைக்கருவிகளுள் அடங்கும். 1957 சூலை 6 அன்று தேவாலய விழா ஒன்றில் அக்குழு வாசித்தபோது பால் மெக்கார்ட்னியை லெனன் சந்தித்தார். அச்சந்திப்பே பின்னர் உலகப் புகழ்பெற்ற 'பீட்டில்ஸ்' குழு உருவாக வழிவகுத்தது.

நானூறு ரூபாய்

1960களின் பிற்பகுதியில் தம்பியர் சென்னைக்குச் செல்ல முடிவெடுத்தனர். கையில் பணம் இல்லை. தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப்பெட்டியை விற்றுக் கிடைத்த நானூறு ரூபாயையும் அவர்களிடமே கொடுத்தார். பிள்ளைகள் இசை செய்யவேண்டும் என்பதற்காக, வீட்டில் பாட்டுக் கேட்க உதவிய கருவியை இழக்க அவர் தயங்கவில்லை.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை இளையராஜா முறையாகக் கற்றார். காதால் கேட்டுக் கற்றவர் இசைக்குறியீடுகளை எழுதவும் படிக்கவும் பயின்றார். பல்வேறு கருவியாளர்களை ஒரே நேரத்தில் ஒருங்கிணைக்க அக்கல்வி உதவியது. ஊரில் அறிமுகமான நண்பர் பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' (1977) படத்துக்கு இளையராஜா இசையமைத்தார். கங்கை அமரன் பாடல் எழுதினார். ஊர் நட்பு நகரத்திலும் தொடர்ந்தது.

எனினும், இவ்வெற்றியைக் காணப் பாவலர் உயிருடன் இல்லை. இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். பாவலர் மறைந்தது 1973இல். தம்பியருக்கு மேடையைத் திறந்துவிட்டவர், அவர்கள் அடைந்த உயரத்தைப் பார்க்கவில்லை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றியது. பலர் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் அந்தப் பெருங்குழுவின் ஒழுங்கை, ஒரே ஆர்மோனியத்தைச் சுற்றி அமர்ந்த உடன்பிறந்தோரிடம் அவர் முதலில் கற்றார்.

குழு விட்டுச்சென்ற பாடம்

இன்று சமணர் மலையடிவாரத்து இளைஞர் ஒருவர் கைப்பேசியின் உதவியால் தனியே இசையமைக்க முடியும். ஆனால், தன் குரல் உடையும்போது தனக்காகப் பாடவும், தன் தாளம் தவறும்போது தாங்கிப் பிடிக்கவும் மற்றொருவர் வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருந்து பிறர் வாசிப்பைக் கேட்பவரே குழுவுக்கு உரியவராகிறார். பாவலர் சகோதரர்களின் வரலாறு கற்பிப்பது இதுவே.

கற்பவை கற்றபின்

1. உம் ஊர்த் திருவிழாவில் இசைக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் யாரிடம், எவ்வாறு கற்றார் எனக் கேட்டு எழுதுக.
2. 'குறையே வழியாகும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.