கூப்பனும் தவணையும்: வாங்குவோர் அறிய வேண்டிய சட்டங்கள்

அல்லாஹ் தஆலா வியாபாரத்தை நமக்கு ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கி வைத்துள்ளான். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 275-வது வசனம் இதைத் தெளிவாக அறிவிக்கிறது. இதை அறியாத முஸ்லிம் வீடு கிடையாது. ஆனால் இன்று நம் வீடுகளுக்குள் நுழையும் வட்டி தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சலுகை என்றும், 'வட்டியில்லாத் தவணை' என்றும், 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்றும் பல பெயர்களில் வருகிறது. மறுபுறம், முற்றிலும் ஹலாலான ஒரு விலைக் குறைப்பைக்கூட, 'இதில் ஏதோ இருக்கிறது' என்று அஞ்சி ஒதுக்குவோரும் நம்மில் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பெயரைப் பார்க்கிறோம், ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை.

இதை எழுதும் நாமும் அந்தத் தவற்றைச் செய்தவர்கள்தாம். ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வந்து, "ஹஜ்ரத், ஒரு ஃபிரிட்ஜ் 24,000 ரூபாய். கார்டில் ஆறு மாதத் தவணை, மாதம் 4,000. வட்டி கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டார். ஆறு நான்கு இருபத்து நான்கு. கணக்கு சரியாக இருந்தது. "தவணை வியாபாரம் கூடும்" என்று கூறி அனுப்பிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி, வங்கியிலிருந்து வந்த கணக்குத் தாளைக் கொடுத்தனுப்பினார். அதில் மாதந்தோறும் 'வட்டி' என்று ஒரு வரி. அந்த வட்டியின்மீது ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி. "வட்டி இல்லையென்று ஹஜ்ரத் சொன்னார்களே, இது என்ன?" என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. அதன்பின் விசாரித்தும் கிதாபுகளைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை, மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அடிப்படை ஒன்று

கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், அங்கே நடப்பவை இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்றாகவே இருக்கும். ஒன்று பையிஉ, அதாவது விற்பனை. மற்றொன்று கர்ழு, அதாவது கடன். விற்பனையில் விலையைக் கூட்டவும் குறைக்கவும் விற்பவருக்கு உரிமை உண்டு. கடனில் கொடுத்ததற்கு மேல் ஒரு பைசாவையும் நிபந்தனையாகப் பெற இடமில்லை. கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையின் பேரில் சேரும் எந்த ஆதாயமும் வட்டியே என்பது ஃபிக்ஹின் பொது விதி.

ஆகவே எந்தச் சலுகையைக் கண்டாலும், 'இதைத் தருபவர் யார்? பொருளை விற்பதற்காகத் தருகிறாரா, கடன் கொடுப்பதற்காகத் தருகிறாரா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சட்டம் விளங்கிவிடும்.

கூப்பனின் வகைகள்

முதல் வகை, விலைக் குறைப்புக் கூப்பன். பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்ததாயினும், செல்போனுக்கு வந்த குறியீட்டு எழுத்துகளாயினும் சட்டம் ஒன்றே. 1,000 ரூபாய்ப் பொருளை 900-க்குத் தர விற்பவர் சம்மதிக்கிறார். விலையில் ஒரு பகுதியை விட்டுக் கொடுப்பதை ஃபுகஹாக்கள் 'ஹத்து' என்பார்கள். இது ஆகுமானது. வெட்கப்படவோ சந்தேகப்படவோ இதில் ஒன்றுமில்லை. விற்பவரே பிறகு திருப்பித் தரும் 'கேஷ்பேக்' தொகையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது, குலுக்கல் கூப்பன். பெருநாள், தீபாவளிக் காலங்களில் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கூப்பன் என்று கொடுத்து, குலுக்கலில் பரிசு தருகிறார்கள். வழக்கமான விலைக்கே பொருளை விற்று, நாமும் அந்தப் பொருள் தேவைப்பட்டு வாங்கியிருந்தால், கிடைக்கும் பரிசு கடைக்காரரின் அன்பளிப்பு. அதில் தடையில்லை என்றே இக்கால அறிஞர் பலர் கூறுகின்றனர். ஆனால் கூப்பனுக்கென்று தனியாகப் பணம் கொடுத்தாலும், விலையை ஏற்றி அதற்குள் கூப்பனின் பணத்தை மறைத்திருந்தாலும் அது கிமார் எனும் சூதாகிவிடும். பொருள் தேவையில்லாமல் பரிசை நாடியே வாங்குபவரும் அந்த வாசலில்தான் நிற்கிறார்.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் சலுகை அட்டை. ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டினால், பல கடைகளில் விலை குறையும் என்பார்கள். எவ்வளவு வாங்குவோம், எவ்வளவு குறையும் என்று கட்டும்போது தெரியாது. தெளிவில்லாத இத்தகைய வியாபாரத்தில் 'கரர்' இருப்பதால் இது கூடாது என்று இக்கால ஃபிக்ஹு அறிஞர் பலர் கூறியுள்ளனர். தவிர்ப்பதே பேணுதல்.

கூப்பன் ஹலாலாக இருந்தும், பயன்படுத்தும் நாம் தவறிவிடும் இடங்களும் உண்டு. 'முதன்முறை வாங்குவோருக்கு மட்டும்' என்ற கூப்பனுக்காக உம்மாவின் எண், தம்பியின் எண் என்று மாற்றி மாற்றிப் புதுக் கணக்குத் தொடங்குவது பல வீடுகளில் கெட்டிக்காரத்தனமாகக் கருதப்படுகிறது. விற்பவரின் நிபந்தனையைப் பொய் சொல்லிக் கடப்பது ஏமாற்று. அவர் பெரிய நிறுவனம் என்பதால் பொய் ஆகுமாகிவிடாது. பெருநாளுக்கு உடுத்திக் கழற்றிய துணியை 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புவதும் இதே போன்றதுதான். 100 ரூபாய்க் கூப்பனைப் பயன்படுத்துவதற்காக, வேண்டாத 300 ரூபாய்ப் பொருளைச் சேர்த்து வாங்குவது ஹராமான வியாபாரமல்ல. ஆனால் அது வீண்விரயம்.

வட்டியில்லாத் தவணையின் உட்கணக்கு

இனி அந்த ஃபிரிட்ஜின் கணக்குக்கு வருவோம். கடை 24,000 ரூபாய் என்கிறது. ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கடை சுமார் 1,016 ரூபாயைத் தள்ளுபடி செய்து, மீதி 22,984 ரூபாயை மட்டும் வங்கியிடமிருந்து பெறுகிறது. வங்கி அந்த 22,984 ரூபாயை நமக்குக் கடனாக எழுதி, ஆறு மாதத்தில் 1,016 ரூபாய் வட்டி சேர்த்து 24,000 ஆக வசூலிக்கிறது. முதல் மாத வட்டி மட்டும் 287 ரூபாய். அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 183 ரூபாய். நடைமுறைக் கட்டணம் 199 என்றால் அதன் வரியும் சேர்த்து ஏறக்குறைய 235. ஆக, 24,000 என்று நினைத்தவர் கட்டுவது 24,418 ரூபாய்.

இங்கே விற்பனை ஒன்று, வட்டிக் கடன் ஒன்று என இரண்டு ஒப்பந்தங்கள் நடக்கின்றன. கடை தள்ளுபடி கொடுத்து வட்டியை ஈடுகட்டுவதால் நம் கைக்கு நஷ்டம் குறைகிறதே தவிர, வட்டிக் கடன் இல்லாமல் போய்விடவில்லை. நாம் ஒப்புக்கொள்ளும் பத்திரத்தில் வட்டியும் இருக்கிறது, தாமதித்தால் அபராதமும் இருக்கிறது. வட்டியை உண்பவரோடு, அதைக் கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. மார்க்க அறிஞர்கள் மட்டும் இதைச் சொல்லவில்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, இத்தகைய தவணைகளில் வட்டி நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுகிறது என்ற கருத்தை 2013-ல் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கையில் வங்கிகளுக்கு எடுத்துச் சொன்னது.

அப்படியானால் தவணை வியாபாரமே கூடாதா? கூடும். கடைக்காரரே தம் பொருளை, ரொக்கமென்றால் 24,000, ஆறு மாதத் தவணையென்றால் 26,000 என்று கூறி, வாங்குபவர் பிரியுமுன் இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அந்த வியாபாரம் செல்லும். இதுவே பெரும்பான்மை இமாம்களின் சொல். 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. இங்கே கூடுதல் 2,000 ரூபாய் பொருளின் விலை, கடனின் வட்டியல்ல. ஆனால் எதையும் தீர்மானிக்காமல் பிரிவது, ஒரே விற்பனையில் இரு விற்பனை என்று ஹதீஸில் தடுக்கப்பட்டதில் சேரும். தீர்மானித்த விலைக்கு மேல், தாமதத்திற்கென்று வசூலிப்பதும் கூடாது.

பணம் செலுத்தும் வழிகள்

ரொக்கம், டெபிட் கார்டு, 2016-ல் தொடங்கிய யூ.பி.ஐ. ஆகிய மூன்றிலும் செல்வது நம் சொந்தப் பணம். கடன் இல்லாததால் வட்டிக்கு இடமில்லை. ஆயினும் இப்போது யூ.பி.ஐ.யில் கிரெடிட் கார்டையும் வங்கிக் கடனையும் இணைக்கும் வசதி வந்துள்ளது. பணம் எங்கிருந்து போகிறது என்று பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும்.

கிரெடிட் கார்டில் நமக்காக வங்கி கட்டுகிறது. அது நம்மீது கடன். குறித்த தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி தொடங்கிவிடும். 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் போதும் என்று தாளில் போட்டிருப்பது தாமதக் கட்டணத்திலிருந்து காக்கும், வட்டியிலிருந்து காக்காது. பல அட்டைகளில் மாத வட்டி 3 சதவீதத்துக்கு மேல். ஆண்டுக் கணக்கில் 40 சதவீதத்தை எட்டும். வட்டி நிபந்தனை உள்ள இத்தகைய அட்டையைப் பெறுவதே கூடாது, தேதிக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் சரியே என்று மேற்படி அகாடமி 2000-ல் ரியாதில் தீர்மானித்தது. தேவையுள்ளவர் தேதிக்குள் முழுவதும் கட்டிவிடும் உறுதியுடன் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த முஃப்திகளும் உண்டு. தேவையில்லாத வீட்டுக்கு இந்த அட்டை எதற்கு என்பதே நம் கேள்வி.

பொருள் வீட்டுக்கு வந்தபின் ரொக்கம் கொடுக்கும் முறை பற்றியும் கேட்கிறார்கள். பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாமென்று விடும் உரிமையை ஹனஃபி மத்ஹப் தருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் பார்க்காத குறிப்பிட்ட பொருளை விற்பது வலுவான சொல்லின்படி செல்லாது. எனவே ஆர்டர் செய்வதை ஒரு வாக்குறுதியாக வைத்து, வாசலில் பொருளைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கும்போது வியாபாரம் முடிவதாகக் கொள்வது நல்ல வழி. வாய்மொழி இல்லாமல் கொடுத்து வாங்குவதாலேயே வியாபாரம் நிறைவேறும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் தேர்ந்தெடுத்துள்ளார்கள்.

பொருளைக் காப்பதும் ஷரீஅத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆதலால் ஒரு எச்சரிக்கை: 'உங்களுக்குப் பரிசுக் கூப்பன் விழுந்திருக்கிறது, ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வரும்' என்று அழைப்பு வந்தால் அது மோசடி. யூ.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. ஓ.டி.பி.யை யாரிடமும் கூறலாகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடை வைத்திருப்போருக்கு

நம் வாசகர்களில் வியாபாரிகள் பலர். 600 ரூபாய்க்கு விற்று வந்த துணிக்கு 1,000 என்று சீட்டு ஒட்டி, அதை அடித்துவிட்டு, 'கூப்பன் கொண்டு வந்தால் 600' என்பது சலுகையல்ல, பொய். விலையில் விட்டுக்கொடுப்பது நற்குணம். விட்டுக்கொடுக்காததை விட்டுக்கொடுத்ததாகக் காட்டுவது மோசடி. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற நபிமொழி, தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியைக் குறித்து வந்தது. சீட்டுக்கு அடியில் விலையை மறைப்பவரும் அதைச் சிந்திக்க வேண்டும்.

முடிவாக

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு நாமே சென்று, நாம் சொன்னது தவறு என்று கூறினோம். ஃபிரிட்ஜ் ஹராமான பொருளாகிவிடாது. அதன் விற்பனை செல்லும். குற்றம் வட்டிக் கடனில் உள்ளது. தவ்பா செய்து, முடிந்தால் மீதியை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள் என்றோம். அந்தச் சகோதரி தாம் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, அந்த மாதமே கடனை முடித்துவிட்டார். கேள்வியைக் கேட்டவரும் அவர்தாம். விடையை நிறைவேற்றியவரும் அவர்தாம். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக!

மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுகை நடத்த முன்வரவில்லை; அந்தக் கடனை அபூகதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். வட்டியில்லாத கடனுக்கே இந்த நிலை. எனவே வாங்குமுன் வீட்டார் மூன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்:

1. இந்தப் பொருள் நமக்குத் தேவையா, சலுகைக்காக வாங்குகிறோமா?
2. விலையைக் குறைப்பவர் விற்பவரா, கடன் கொடுப்பவரா?
3. செல்லப்போவது நம் பணமா, பிறர் பணமா? பிறர் பணமென்றால் எந்த நிபந்தனையில்?

விடை தெரியாவிட்டால் ஒப்பந்தத் தாளுடன் ஆலிம்களிடம் வாருங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெயரை மட்டும் கேட்டு நாங்களும் சொல்லமாட்டோம்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் ஹலாலை நிறைத்து, ஹராமின் நிழலிலிருந்தும் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.