கல்வராயன் மலையும் இளைஞர் பிரிவும்

நம் அகப்பொருள் நூல்கள் பிரிவினைப் பலவகையாக வகுத்துரைக்கும். ஓதற்பிரிவும் பொருள்வயிற் பிரிவும் அவற்றுட் சில. பிரிவு எதுவாயினும், காலங்குறித்துச் சென்ற தலைமகன் மீண்டு வருதலே மரபு. இவ்விலக்கணத்தை வகுப்பிற் பயின்ற நாளின் மாலையில், எம்முடன் விடுதியில் உறையும் கல்வராயன் மலை நண்பர் ஒருவர், "எங்கள் மலையில் ஓதற்பிரிவும் உண்டு, பொருள்வயிற் பிரிவும் உண்டு, மீட்சிதான் இல்லை. பட்டம் பெற்றபின் யான் அங்குச் சென்று செய்யத்தக்கது யாது?" என வினவினார். அன்று எம்மால் விடைகூற இயலவில்லை. அதனைத் தேடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிற் பரந்து கிடப்பது. கோமுகி ஆறு இங்குத் தோன்றிக் கீழ்நாட்டுக் கழனிகளுக்கு நீரூட்டுகின்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பகுதிக்கு வெள்ளிமலையே வட்டத் தலைநகர். இங்கு மிகுதியாக வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் கேட்டு மயங்கற்க, அவர்தம் மொழி தமிழே. கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். சமவெளி சூழ, மருத்துவர்க்கும் மேற்படிப்பிற்கும் மலையிறங்க வேண்டிய இவ்விடமும் ஒருவகைத் தீவேயாம்.

இளைஞர் இம்மலையை விட்டு நீங்குதற்குக் காரணம் யாது? நகர மோகம் என்பார் உளர். அஃது அத்துணைப் பொருந்துவதன்று. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையிற் கிடந்த இம்மலை, 1976ஆம் ஆண்டிலேதான் அரசின் நேர் நிருவாகத்தின்கீழ் வந்தது. பாட்டன் உழுத நிலத்தைப் பேரனும் உழுவான். ஆயினும் பட்டா இல்லையேல் அவன் வங்கியிற் கடன் பெறல் அரிது. சாமையும் மரவள்ளியும் மலையில் விளைகின்றன. மரவள்ளிக் கிழங்கோ மூட்டையாய் இறங்கிச் சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளை அடைகின்றது. கிழங்கு மலையில் விளைகின்றது. கூலியும் ஊதியமும் அடிவாரத்தில் விளைகின்றன. கிழங்கு சென்ற வழியே இளைஞரும் செல்கின்றனர்.

செல்லும் வழி யாவும் நல்வழியல்ல. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலம் காட்டிற் செம்மரம் வெட்டச் சென்றார் என்று தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் ஆந்திரக் காவலராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் மலைவாழ் குடியினர் பலர். 2024ஆம் ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் குறைகளைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பிழைப்பின்மையின் விலை எத்துணைப் பெரிதென்பதற்கு இவையே சான்று.

இத்துன்பம் பிறநாட்டார்க்கும் நேர்ந்ததுண்டு. ஸ்காட்லாந்தின் மேற்கே செயின்ட் கில்டா என்றொரு தீவு உளது. அங்கு இளைஞர் ஒருவர்பின் ஒருவராய் நீங்கினர். எஞ்சிய 36 பேரும் வாழ்வு நடத்த இயலாது, தம்மை அகற்றுமாறு தாமே அரசுக்கு விண்ணப்பித்து, 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கப்பலேறினர். வீடுதோறும் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சென்றனர் என்பர். அதே நாட்டின் எய்க் என்னும் தீவு வேறு வழி கண்டது. தனியார் ஒருவரின் உடைமையாயிருந்த அத்தீவினை 1997ஆம் ஆண்டில், குடிகளையும் உறுப்பாகக் கொண்ட அறக்கட்டளை ஒன்று விலைகொடுத்து வாங்கியது. 2008ஆம் ஆண்டில் நீர், காற்று, ஞாயிறு ஆகியவற்றின் ஆற்றலால் தமக்கு வேண்டும் மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர். ஏறக்குறைய 65ஆக இருந்த குடித்தொகை பின்னர் நூற்றைக் கடந்தது. நிலம் தமதான இடத்தில் இளைஞர் தங்கினர் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இத்தகைய முயற்சிக்குக் கடல்கடந்துதான் செல்லவேண்டும் என்பதில்லை. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கிடையே, தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் சிறு கூரைக்குடிலில் மருத்துவப்பணி தொடங்கினர். வெளியூரிலிருந்து செவிலியரை எதிர்பாராது, அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றிப் பணியில் அமர்த்தினர். நாளடைவில் இயற்கை வேளாண்மை செய்வோரின் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையற் பணியும் அங்குத் தோன்றின. ஊராரைக்கொண்டே ஊர்ப்பணி நடத்தலாம் என்பதை அப்பள்ளத்தாக்கு மெய்ப்பித்தது.

இவற்றால் கல்வராயன் மலைக்கு வேண்டுவன மூன்று என்பது எம் துணிபு.

முதலாவது, நிலவுரிமை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 திசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னரே காட்டுநிலத்தைப் பயிரிட்டு வரும் பழங்குடியினர்க்கு 4 ஹெக்டேர் வரை உரிமை வழங்க இடந்தருகின்றது. கணவன் மனைவி இருவர் பெயராலும் உரிமை பதிவாகும். மக்கட்கு வழிவழி இறங்கும். பிறர்க்கு விற்றல் கூடாது. இளைஞர் மலையிற் காலூன்றுதற்கு இதனினும் உறுதியான அடிப்படை இல்லை.

இரண்டாவது, மலையிலேயே தொழில். சாமையை உமிநீக்கி அரிசியாக்கும் எந்திரம், தேனும் கடுக்காயும் தூய்மை செய்து கட்டும் கூடம் முதலியன இளைஞர் கூட்டுறவின்கீழ் மலைமேல் அமைதல் வேண்டும்.

மூன்றாவது, மலைமக்களே மலையிற் பணிபுரிதல். ஆசிரியர், செவிலியர் பயிற்சிக்கு உதவித்தொகை அளித்து, பயின்றபின் சில ஆண்டு மலையிற் பணியாற்றும் உடன்படிக்கை செய்தல் நலம்.

கல்வி மிகின் இளைஞர் நீங்குவர், ஆதலின் மிகைக் கல்வி வேண்டா என்பார் கூற்றை யாம் ஒருபோதும் ஒப்போம். கட்டி நிறுத்துவது காவலேயன்றி உதவியன்று. செல்லும் வழியோடு மீளும் வழியையும் அமைத்தலே முறை.

இனி, நண்பரின் வினாவிற்கு வருவோம். வன உரிமைக் கோரிக்கை கிராம சபையில் தொடங்குவது. அதற்கு மனு வேண்டும், சான்று வேண்டும், முதியோர் வாய்மொழியைத் திருத்தமாக எழுதித்தருவார் வேண்டும். தமிழ் கற்றவன் மலையிற் செய்யத்தக்க முதற்பணி இதுவன்றோ? இதனை யாம் கூறியபோது அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "என் தந்தையின் மனுவிலிருந்தே தொடங்குவேன்" என்றார். வரும் கோடை விடுமுறையில் அவருடன் வெள்ளிமலைக்குச் செல்ல எம்முள் நால்வர் இசைந்துள்ளோம். எழுதுகோல் பிடிக்கவல்ல பிறரும் உடன்வரின் மகிழ்வோம்.