தும்பாவில் எழுந்த மஞ்சள் மேகமும் குவாண்டம் பாடமும்

1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள் அந்தி வேளையில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் ராக்கெட்டு ஏவப்பட்டது. ராக்கெட்டு அமெரிக்காவிலிருந்தும், அதன் முனையில் அமைந்த சோடியம் ஆவிக் கலம் பிரான்சு தேசத்திலிருந்தும் வந்தவை. சற்று நேரத்தில், இருண்டுவரும் ஆகாயத்தின் மிக உயரத்தில் செம்மஞ்சள் நிறமான மேகம் ஒன்று படர்ந்தது. கேரளத்து மக்களும் தென் தமிழ்நாட்டு மக்களும் அதனைக் கண்டு வியந்தனர். அத்துணை உயரத்தில் காற்று எத்திசையில், எவ்வேகத்தில் வீசுகிறது என்று அறிவதே விஞ்ஞானிகளின் நோக்கம். ஆயினும் அம்மேகம் ஏன் மஞ்சளாக ஒளிர்ந்தது என்று வினவும் மாணாக்கன், குவாண்டம் பௌதிகத்தின் வாயிலுக்கே வந்துவிடுகிறான்.

பதினைந்து வயதுச் சிறுவனோ சிறுமியோ குவாண்டம் பற்றிக் கேட்டால், “அது கல்லூரிப் பாடம்” என்று அனுப்பிவிடுவது வழக்கம். இல்லையெனில், பெட்டியில் அடைபட்ட பூனையின் கதையைக் கூறிவிடுவர். முன்னது ஆவலை அவித்துவிடுகிறது. பின்னதில் பூனை மட்டுமே நினைவில் நிற்கிறது. இவ்விரண்டையும் விட அடுக்களையிலிருந்து தொடங்குவது நலம்.

உப்பிட்ட நீர் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதைக் காணாதவர் இல்லை. இதனையே பள்ளியில் ஒழுங்காகச் செய்யலாம். இரும்புக் கம்பியின் நுனியை உப்புக் கரைசலில் தோய்த்து, சாராய விளக்கின் சுடரில் ஆசிரியர் பிடிக்க வேண்டும். அட்டைப் பெட்டி ஒன்றில் மெல்லிய பிளவு கீறி, உள்ளே குறுந்தகடு ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால் நிறமாலை காட்டும் கருவி கிடைக்கும். (அதனைச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது.) மெழுகுவத்தியின் ஒளி அதில் எல்லா வர்ணங்களாகவும் விரியும், உப்புச் சுடரிலோ ஒரு மஞ்சள் கோடு தனித்து மேலோங்கி நிற்கும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். நுட்பமான கருவியில் அக்கோடு நெருங்கிய இரு கோடுகளாகப் பிரியும்.

இங்கே ஆசிரியர் அவசரப்படாமல் நிற்க வேண்டும். உப்பை இரட்டித்தால் நிறம் மாறுமா என்று கேட்டு, மாணாக்கரையே சோதிக்கச் செய்ய வேண்டும். ஒளி பெருகும், கோடோ இம்மியும் நகராது. சோடியம் அணுவின் வெளிப்புற எலெக்ட்ரான் சக்தியை விரும்பிய அளவில் ஏற்பதில்லை. மாடிப்படியில் நிற்பவன் இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம். இடையே நிற்க இயலாது. எலெக்ட்ரான் மேற்படியிலிருந்து இறங்கும்போது இரு படிகளுக்கும் உள்ள வேற்றுமை ஒரே சொட்டாக, ஒளியாக வெளிப்படுகிறது. சக்தி இவ்வாறு சொட்டுச் சொட்டாகப் பரிமாறப்படுகிறது என்ற கருத்தை மாக்ஸ் பிளாங்கு 1900இல் வெளியிட்டார். அணுவினுள் படிகள் உண்டு என்று நீல்ஸ் போர் 1913இல் கூறினார்.

கணக்கும் கடினமன்று. 1240ஐ நானோமீட்டரில் கூறிய அலைநீளத்தால் வகுத்தால், ஒரு சொட்டின் சக்தி எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சோடியத்திற்கு அது 2.1. 470 நானோமீட்டர் கொண்ட நீல ஒளிக்கு 2.6; 630 கொண்ட சிவப்பிற்கு 2க்குச் சற்றுக் குறைவு. சிறு எல்.இ.டி. விளக்குகளைத் தக்க மின்தடையுடன் இணைத்து மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், சிவப்பு விளக்கு முந்தி ஒளிரத் தொடங்குவதையும், நீலம் அதனினும் மிகுந்த வோல்ட்டைக் கோருவதையும் காணலாம். வகுத்துக் கண்ட எண்ணுக்கு ஏறத்தாழ ஒத்த எண்ணை மின்னழுத்தமானியிலும் காணும் மாணாக்கன் அடையும் மகிழ்ச்சி, பூனைக் கதையால் வாராது.

இனித் தும்பா மேகத்தைக் கவனிக்கலாம். அவ்வுயரத்தில் சுடர் ஏது? தரையில் சூரியன் மறைந்த பின்னும் அங்கே வெயில் இருந்தது. வெயிலிலுள்ள பல வர்ணங்களுள் தன் படிக்குப் பொருந்திய மஞ்சளை மட்டும் சோடியம் அணு ஏற்று, மேற்படிக்கு ஏறி, இறங்குகையில் அதே மஞ்சளை எத்திசையிலும் வீசியது. கல்லூரிகளில் நியூட்டன் வளையச் சோதனைக்கு வைத்திருக்கும் சோடியம் ஆவி விளக்கைக் கடனாகப் பெற இயலுமாயின் இதனையும் காட்டலாம். அவ்வொளி படும் வெள்ளைச் சுவருக்கு முன் உப்புச் சுடரைப் பிடித்தால், சுடருக்கே கரிய நிழல் விழும். உப்பற்ற சுடருக்கு அத்தகைய நிழல் இல்லை.

படிகள் ஏன் அமைந்தன என்ற கேள்வி எழாமல் இராது. இரு முனையும் கட்டப்பட்ட வீணைத் தந்தி சில அதிர்வுகளையே ஏற்பது போல, அணுவில் கட்டுண்ட எலெக்ட்ரானின் அலையும் சில நிலைகளையே ஏற்கிறது என்று கூறலாம். ஆனால் இது உவமை மட்டுமே என்பதையும், முழு விடைக்கு உயர் கணிதம் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்நாளில் ராக்கெட்டுப் பணிகள் நடைபெற்ற தும்பா மாதா கோயில் பின்னர் விண்வெளிக் காட்சிச்சாலையாயிற்று. மாணாக்கரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், முந்திய நாளே வகுப்பில் உப்புச் சோதனையைச் செய்து காட்டிவிடுவது நன்று.