பெரிய கதிர் நல்ல விதையா?

குஜராத்தில் பஞ்சமகால் மாவட்டம் உள்ளது. அங்கே மக்காச்சோள ரொட்டி முக்கிய உணவு. மழையை நம்பித்தான் விவசாயம். விதை கெட்டால் வீட்டில் பட்டினி.

ஒரு விவசாயி பெரிய கதிரை விதைக்கு எடுத்தார். மறு வருடம் கதிர்கள் சிறுத்துப் போயின. ஏன்? பழைய செடி எருக்குழி ஓரம் வளர்ந்தது. கதிரைப் பெருக்கியது எரு. விதை அல்ல!

அப்படியானால் நல்ல விதையை எப்படி அறிவது?

ஒரு கதிரின் மணிகள் எல்லாம் ஒரு குடும்பம். தாய் ஒன்றுதான். ஆனால் மகரந்தம் காற்றில் பல செடிகளிலிருந்து வரும்.

1. ஒவ்வொரு கதிரின் பாதி மணிகளைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும்.
2. மீதியை, குடும்பத்துக்கு ஒரு வரிசையாக விதைக்க வேண்டும்.
3. எந்தக் குடும்பம் எந்த வரிசையில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும்.
4. வயலில் மூன்று இடங்களில் இதேபோல் விதைக்க வேண்டும். மேடும் பள்ளமும் ஏமாற்றாது.
5. ஒப்பிட்டுப் பார்க்க, ஊர் ரகமும் ஒரு வரிசை வேண்டும்.
6. எல்லா வரிசைக்கும் ஒரே உரம், ஒரே இடைவெளி.
7. பூத்த நாள், சாய்ந்த செடிகள், காய்ந்த கதிரின் எடை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

மூன்று இடத்திலும் நன்றாக விளைந்த குடும்பமே நல்ல குடும்பம். பத்திரப்படுத்திய அதன் மணிகளை அடுத்த பருவம் விதைக்கலாம். சோதனை வயல் கதிர்களில் மட்டமான வரிசைகளின் மகரந்தமும் கலந்திருக்கும்.

பஞ்சமகாலில் 1990களில் விவசாயிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குஜராத் மக்காச்சோளம்-6 என்ற வெள்ளை ரகம் பிறந்தது. அது ஊர் ரகத்தைவிடச் சீக்கிரம் விளைந்தது.

யோசியுங்கள்:
பாதி மணிகளை ஏன் பத்திரப்படுத்த வேண்டும்?
உங்கள் ஊரில் விதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?