மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பின் தாளந் தவறும் இருதயம்

இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் தமனிகள் அடைபட்டால், காலிலிருந்து எடுத்த சிரையையோ மார்புச்சுவரின் உட்புறத் தமனியையோ இணைத்து இரத்தத்திற்கு மாற்றுவழி அமைப்பர். இந்தியாவில் இதனை முதன்முதலாக வெற்றியுடன் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், இடம் சென்னை, பெரம்பூர் இரயில்வே மருத்துவமனை, ஆண்டு 1975.

வழி செவ்வனே அமைந்த பின்னும் ஒரு தொல்லை எஞ்சுகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 நோயாளிகளுக்கு, பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், இருதயத்தின் மேலறைகள் சுருங்குவதை விட்டு நடுங்கத் தொடங்குகின்றன. நிமிடத்திற்கு 350-க்கு மேற்பட்ட மின்னெழுச்சிகள் அங்குத் தோன்றுகின்றன. இடையிலுள்ள கணு அவற்றுட் சிலவற்றையே கீழறைகளுக்கு விடுவதால் உயிர் காக்கப்படுகிறது. ஆயினும் நாடி விரைந்தும் ஒழுங்கின்றியும் ஓடும். அழற்சி, இருதய உறையில் தேங்கும் நீர், பொட்டாசியக் குறைவு ஆகியன இதனைத் தூண்டுவன. முதுமை இவை யாவற்றிலும் வலியது.

நடுங்கும் அறையில் தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரிடும். பீட்டா தடுப்பு மருந்துகள் இத்தாளக்கேட்டைக் குறைக்கும். அவற்றை நோயாளி தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாளம் சீர்ப்படும்.

வாளையாற்றைக் கடந்து கோயமுத்தூரிலோ, குமுளி மலைப்பாதை இறங்கி மதுரையிலோ சிகிச்சை பெற்றுத் திரும்பும் பாலக்காடு, இடுக்கி எல்லை மக்கள் நாடி பார்க்கக் கற்றிருத்தல் நலம். முழு நிமிடமும் எண்ணவேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கற்ற நாடிக்குப் பொருந்தாது.