துருவக் குளிரில் ஓர் இயற்பியலாளர்

கொல்லிமலை வாசலூர்பட்டியில் மார்கழிக் குளிருக்கே நாங்கள் கணப்பை விட்டு எழமாட்டோம். "இந்தப் படிப்பு உன்னை எங்கே கொண்டுபோய் விடும்?" என்று அங்கமர்ந்துதான் அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அன்று விடை தெரியவில்லை, நூலகத்தில் கிடைத்தது.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்து இளம் ஆய்வாளர் பரம்ஜித் சிங் செஹ்ரா 1971-ல் சோவியத் குழுவினருடன் அண்டார்டிகா புறப்பட்டார். அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கிய முதல் இந்தியர் அவரே. நம் நாட்டின் முதல் குழு அங்குக் கால்வைத்ததோ 1982-ல்தான்! மொலோதெஷ்னயா நிலையத்திலிருந்து எம்-100 ராக்கெட்டுகளை ஏவி மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்தனர். தும்பாவிலும் அதே வகை ராக்கெட்டுகள் ஏவப்பட்டமையால் இருபுறத்துக் காற்றையும் ஒப்பிட முடிந்தது.

பலூன்கள் 30, 40 கி.மீ. உயரத்தில் வெடித்துவிடும், அதற்கு மேல் ராக்கெட்டே துணை. அங்கேதான் ஒரு விந்தை. சூரியன் தலைகாட்டாத துருவக் குளிர்காலத்தில், 80 கி.மீ. உயரத்துக் காற்று கோடையில் இருப்பதைவிட வெப்பமாக இருக்கும்! காரணம், குளிர்காலத்தில் மேலுள்ள காற்று கீழிறங்கி அமுக்கப்படுகிறது. காற்றடிக்கையில் சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே வெப்ப மாற்றீடற்ற நிகழ்வுதான். தேர்வுக்காக நாம் உருப்போட்ட பாடம்!

பொங்கல் விடுமுறையில் பம்பை அப்பா கையில் கொடுத்தேன். அடித்துத் தொட்டுப் பார்த்தார். "சுடுதே" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த ஊருக்குப் போக என்ன செலவாகும்?" என்று கேட்டார்.